பல்துருவ உலகமா, பன்முனை உலகமா?

போட்டித் தேர்வுக் குறிப்பேடுகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் "பல்துருவ உலகில் ஆப்பிரிக்கா புதிய துருவமாக எழுகிறது" என்பது அடிக்கடி காதில் விழுகிறது. தஞ்சாவூரில் படிக்கும் பிள்ளையிடம் இதற்குப் பொருள் கேட்டால், பனிக்கரடிதான் முதலில் நினைவுக்கு வரும். உலக வலிமை ஒரே நாட்டிடம் குவியாமல் பல இடங்களில் பரவியிருப்பதைக் குறிக்கும் மல்டிபோலார் என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்ததன் விளைவு இது.

துருவம் வடசொல். அசையாதது, நிலைத்தது என்று பொருள். அதனால்தான் இடம் மாறாததாகத் தோன்றும் விண்மீன் துருவ நட்சத்திரம் ஆனது. பிறகு பூமியின் அச்சு முடியும் இரண்டு இடங்களுக்கும் அது பெயரானது. புவியியலில் அது இருக்கட்டும்.

அரசியலில்தான் சிக்கல். உலக அதிகாரம் இடம் மாறுவதைச் சொல்ல, அசையாதது என்ற சொல் எதற்கு? 2023 செப்டம்பரில் புதுதில்லியில் ஆப்பிரிக்க ஒன்றியம் பெரிய பொருளாதாரங்களின் கூட்டமைப்பான ஜி-20-இல் உறுப்பானது. ஆனால் ஐ.நா.வில் 54 நாடுகள் இருந்தும் பாதுகாப்பு அவையில் அந்தக் கண்டத்துக்கு நிரந்தர இடம் ஒன்றுகூட இல்லை. பாதி ஏறி, பாதி காத்திருக்கும் நிலை அது. இதைவிடப் பெரிய குழப்பம், போலரைசேஷனையும் நாம் துருவப்படுத்தல் என்றே எழுதுவது. போலரைசேஷன் மக்கள் பகைத்துப் பிரிவது. மல்டிபோலார் வலிமை பல இடங்களில் பரவுவது. இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல்லைக் கொடுத்தால், ஆப்பிரிக்கா வளர்கிறதா, பிளக்கிறதா என்று வாசகர் எப்படி அறிவார்? சொற்கள் சேரும் புணர்ச்சி விதியும் இடிக்கிறது. பல்+துளி பஃறுளி ஆகும் என்றால் பல்+துருவம் பஃறுருவம் ஆகவேண்டும். பல்துறை போல விதி தளர்ந்து வழங்கும் சொற்கள் உண்டுதான்; ஆனால் நல்ல சொல் கைவசம் இருக்கையில் தளர்த்துவானேன்?

அந்தச் சொல் முனை. பல்+முனை பன்முனை, இயல்பாகச் சேர்கிறது. சங்கப் பாட்டிலேயே முனை என்றால் போர்க்களம். இன்றும் போர்முனை என்கிறோம். தேர்தல் வந்தால் மும்முனைப் போட்டி, நான்குமுனைப் போட்டி. டெல்டாவில் போர்செட் வைத்திருப்பவருக்கு மும்முனை மின்சாரத்தை விளக்கவே வேண்டாம். மூன்றில் ஒன்று போய்விட்டால் நின்றிருக்கும் மோட்டார் கிளம்பாமல் உறுமும். ஓடிக்கொண்டிருப்பது மற்ற இரண்டில் மிகுதியாக மின்னோட்டம் இழுத்துச் சூடேறி உள்ளிருக்கும் கம்பிச்சுருள் கருகும். மூன்று முனைகளும் தனித்தனியே வலிமை உடையவை, ஒன்றை ஒன்று சார்ந்தவை. பன்முனை உலகமும் அப்படித்தான். குறுவைக்குப் போடும் 50 கிலோ டிஏபி உர மூட்டையில் மணிச்சத்து 23 கிலோ. அதற்கு மூலமான பாஸ்பேட் பாறையின் உலக இருப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு மொராக்கோவிடம் இருக்கிறது. ஆப்பிரிக்கா ஒரு முனை என்பதற்கு டெல்டா விவசாயிக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பன்முனைத் தாக்குதல் என்ற வழக்கு இருப்பதால் பொருள் மயங்கும் என்பது எதிர்வாதம். அங்கே பல பக்கத்திலிருந்தும் ஒரே இலக்கை நோக்கி வருகிறார்கள் என்பது தாக்குதல் என்ற சொல்லாலேயே விளங்கும். உலகம், ஒழுங்கு என்ற சொற்களோடு வரும்போது மயக்கத்துக்கு இடமில்லை. எனவே அமெரிக்கா, சோவியத் காலம் இருமுனை. 1991-க்குப் பிந்தையது ஒருமுனை. இப்போது உருவாவது பன்முனை. போலரைசேஷனுக்குப் பிளவுபடுதல் போதும்.

குளோபல் சவுத் என்பதற்கு வழங்கும் உலகளாவிய தெற்கு என்பதும், அப்படியே பெயர்க்கும் இதே அவசரத்தில் பிறந்தது. தெற்கு எப்படி உலகம் முழுக்க அளாவும்? நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் மொராக்கோ அதில் சேரும், தெற்கே இருக்கும் ஆஸ்திரேலியா சேராது. திசை அல்ல, வளர்ச்சிநிலைதான் அங்கே பொருள். வளரும் நாடுகள் என்ற பழைய சொல் பெரும்பாலான இடங்களில் போதுமானது. கூட்டணிப் பெயராகவே வேண்டுமென்றால் தென்னுலக நாடுகள் என்று எழுதி, முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடலாம்.