தாடை அறுவைக்குப் பிறகு அந்த மூன்றாம் நாள்

“இது எம் பொண்ணு மூஞ்சியே இல்லையே டாக்டர்” என்று கலங்கினார் அந்த அம்மா. கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரிக்கு எங்களிடம் வந்தவர்கள். மகளுக்கு 21 வயது. கீழ்த்தாடை முன்னே நீண்டு, பரோட்டாவைக்கூட முன்பல்லால் கடிக்க முடியாமல் இருந்தவள். தாடை எலும்பை வெட்டி நகர்த்தும் அறுவை முடிந்து அன்று மூன்றாம் நாள். கன்னங்கள் உப்பி, கஞ்சி மோவாயில் வழிவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அறுவைக்கு முன்பு, என்னென்ன ஆகும் என்று நாங்கள் விளக்கம் சொன்ன அன்று அப்பா மட்டும்தான் மகளோடு வந்திருந்தார். அம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அது என் தவறு. இப்போதெல்லாம் வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறவரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் தேதி குறிக்கிறேன்.

வீக்கம் முதல் இரண்டு மூன்று நாள் ஏறும், சில வாரங்களில் பெரும்பகுதி வடியும். முகம் முழுதாக அமைய 6 மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். கீழுதட்டுக்கான நரம்பு தாடை எலும்புக்குள்ளேயே ஓடுவதால் உதடும் மோவாயும் மரத்துப்போகும். பலருக்குச் சில மாதங்களில் உணர்ச்சி திரும்பிவிடும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். நாகஸ்வரம் வாசிப்பவர் என்றால் இதை இரண்டு முறை சொல்வேன்.

மேல்தாடையை முன்னே நகர்த்தினால் மூக்கின் அடி அகலமாகலாம், நுனி சற்று மேலே எழலாம். உள்ளே ஒரு தையல் போட்டு அதைக் குறைக்கப் பார்ப்போம், முழுதாகத் தடுக்க முடியாது. கீழ்த்தாடையைப் பின்னே தள்ளினால் மோவாய்ச் சதையும் ஏறக்குறைய அதே அளவு பின்னே போகும், அதற்குக் கீழே சதை சேர்ந்ததுபோலத் தெரியலாம். கம்ப்யூட்டரில் காட்டும் படம் உத்தேசம்தான்.

“தை மாசம் கல்யாணம், அதுக்குள்ள முடிச்சிடுங்க” என்று வருகிறவர்கள் உண்டு. அறுவைக்கு முன்பே பல்லில் கிளிப் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம், அவசரப்பட முடியாது. அப்புறம், பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “உனக்கு வேணுமா?” என்று கேட்பேன். “மெல்ல முடியல, மோவாய் நீளமா இருக்கு” என்று குறிப்பாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் நிறைவோடு போகிறார்கள். “முகமே மாறணும், அப்பதான் என்னை மதிப்பாங்க” என்பவர்களைக் காத்திருக்கச் சொல்கிறேன். மனநல மருத்துவரிடமும் ஒருமுறை பேசச் சொல்கிறேன்.

முதுநகர்ப் பெண் ஆறாவது மாதம் வந்தாள். வரும் வழியில் கொய்யாவை முன்பல்லால் கடித்தாளாம். உதட்டின் இடது ஓரம் இன்னும் லேசாக மரத்திருக்கிறது. “நீங்கதான் முன்னாடியே சொன்னீங்களே சார்” என்றாள். பக்கத்திலிருந்த அம்மா, “எங்கிட்டயும் அன்னைக்கே சொல்லியிருக்கலாம்” என்றார்.