டிரான்ஸ்பிளான்ட்: நடவா, மாற்றா?

"ஆபரேஷன் செய்ய முடியாத கட்டி, டிரான்ஸ்பிளான்ட்தான் பண்ணணும்." குழந்தைக்குக் கல்லீரலில் புற்று என்று கேட்டு ஏற்கெனவே நொந்து நிற்கும் பெற்றோர், இதைக் கேட்டால் இன்னும் குழம்பத்தான் செய்வார்கள். டிரான்ஸ்பிளான்டும் ஆபரேஷன்தானே? முடியாதது, கட்டியை மட்டும் தனியே அறுத்தெடுப்பது. அதனால் 'அறுவை செய்ய முடியாத' என்பதைவிட 'வெட்டி நீக்க முடியாத கட்டி' என்பதே சரி.

டிரான்ஸ்பிளான்டுக்கு வருவோம். லத்தீனில் டிரான்ஸ் என்றால் அந்தப் பக்கம், பிளான்டாரே என்றால் நடுவது. ஓரிடத்தில் முளைத்ததைப் பிடுங்கி வேறிடத்தில் ஊன்றுவது. நாற்றங்காலில் இருந்து வயலுக்கு நாற்று போகிறதே, அந்த நடவுதான். மருத்துவர்கள் உழவரிடம் வாங்கிய கடன். கூடவே வரும் கிராஃப்ட்டும் (எடுத்து வைக்கப்படும் உறுப்பு அல்லது திசு) தோட்டத்துச் சொல்தான், ஒட்டுமாங்கன்றின் ஒட்டு.

நோயின் பெயரிலும் ஒரு முளை இருக்கிறது. சிறு குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுகளில் அதிகம் காணப்படுவது ஹெபடோபிளாஸ்டோமா. கிரேக்கத்தில் ஹெபார் கல்லீரல், பிளாஸ்டோஸ் முளை, ஓமா கட்டி. கருவில் கல்லீரல் உருவாகும் காலத்துச் செல்களைப் போல முதிராத செல்களால் ஆன கட்டி என்பதால் இந்தப் பெயர். 'கல்லீரல் முளைச்செல் புற்று' என்று சொன்னால் பொருள் கெடாது.

தமிழில் நடவு வயலோடு நின்றுவிட்டது. உறுப்புக்கு வந்து சேர்ந்தது 'மாற்று'. எல்லா உறுப்புக்கும் இது பொருந்துமா என்றால், இல்லை. சிறுநீரக அறுவையில் பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு, புதியதை அடிவயிற்றில் வைக்கிறார்கள். அங்கே எதுவும் மாறவில்லை, ஒன்று கூடுகிறது. அதற்குப் 'பொருத்து' என்பதே மேல். கல்லீரலில்தான் மாற்று சொல்லுக்குச் சொல் உண்மை. முதலில் கீமோ (புற்றுச் செல்களை அழிக்கும் மருந்து) கொடுத்துக் கட்டியைச் சுருக்கப் பார்ப்பார்கள். அப்புறமும் அது கல்லீரலின் நான்கு பகுதிகளிலும் பரவிக் கிடந்தாலோ, முக்கிய ரத்தக்குழாய்களைப் பற்றிக்கொண்டிருந்தாலோ, முழுக் கல்லீரலையும் எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறொன்றை வைப்பார்கள். புற்று நுரையீரலுக்குப் பரவியிருந்தால் முதலில் அங்குள்ள புற்றை ஒழிக்க வேண்டும். உள்ளே வைப்பது முழுக் கல்லீரலாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தாயோ தந்தையோ தரும் இடப்பக்கத் துண்டே ஒரு சிறு குழந்தைக்குப் போதும். கொடுத்தவருக்கு மிச்சமுள்ள பகுதி பெருத்து ஈடுகட்டிக்கொள்ளும்.

இந்தச் சிகிச்சையின் வரலாறே குழந்தைகளிடம்தான் தொடங்குகிறது. 1963இல் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் என்ற அறுவை மருத்துவர் செய்த முதல் முயற்சி ஒரு 3 வயதுக் குழந்தைக்கு, அது பிழைக்கவில்லை. 1967இல் அவர் கண்ட முதல் வெற்றியும் ஒரு குழந்தைதான், அதுவும் கல்லீரல் புற்றுள்ள குழந்தை. ஓராண்டுக்கு மேல் உயிரோடு இருந்து, புற்று திரும்பி வந்ததால் இறந்தது. இன்றுள்ள கீமோ மருந்துகள் அன்று இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. பலர் சுருக்கமாக 'கல்லீரல் மாற்று சிகிச்சை' என்று எழுதுகிறார்கள். 'மாற்று மருத்துவம்' என்ற வழக்கும் புழங்குவதால், மூலிகை, கஷாயம் என்று யாராவது நினைத்துக்கொள்ள இடமுண்டு. 'அறுவை' என்பதை விடாமல், 'கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை' என்றே எழுதுங்கள்.