நிபந்தனை மானியம்: கட்டுறு நல்கை

கூட்டாட்சி நாடுகளில் ஒன்றிய அரசு மாநிலங்களுக்குத் தரும் பணத்தில் ஒரு பகுதி, 'இதற்குத்தான் செலவிட வேண்டும், இப்படித்தான் செலவிட வேண்டும்' என்ற கட்டுப்பாட்டோடு வருகிறது. அதற்குத் தமிழில் பரவலாக வழங்கும் பெயர் நிபந்தனை மானியம். அமெரிக்காவில் கேட்டகாரிக்கல் கிராண்ட் என்றும், ஆஸ்திரேலியாவில் டைட் கிராண்ட் என்றும் சொல்கிறார்கள். திருப்பித் தர வேண்டியதில்லை, ஆகவே இது கடன் அன்று. வரி வருவாயில் மாநிலத்துக்குச் சேர வேண்டிய பங்கும் அன்று. பங்கு உரிமையாக வருவது. அதை எதற்குச் செலவிடுவது என்று மாநிலமே முடிவு செய்யும்.

பெயரின் இரு பாதிகளும் வடமொழி வழி வந்தவை. மதிப்புக்குரியது என்று பொருள்படும் 'மான்ய' என்பதிலிருந்து மானியம் வந்தது. பழைய நில ஆவணங்களில் அது கோயிலுக்கோ ஊர்ப் பணியாளருக்கோ வரி நீக்கி விடப்பட்ட நிலத்தைக் குறித்தது. இன்று சட்டமன்றத்தின் மானியக் கோரிக்கைக்கும் அதுதான், உர மானியத்துக்கும் அதுதான். ஒன்று அரசு நிதி ஒதுக்கீடு. மற்றொன்று விலைச் சலுகை. 'ஒன்றிய அரசு மானியத்தை நிறுத்தியது' என்று படிப்பவர், உரத்தின் விலை ஏறுமா, மாநிலக் கருவூலத்துக்கு வர வேண்டிய பணம் நின்றதா என்று எப்படி அறிவார்? இந்தச் சொல்லோடு எனக்குள்ள பெரிய வழக்கு இதுதான்.

நிபந்தனையின் வேரில் இருப்பது 'பந்த', அதாவது கட்டு. கல்வெட்டுகளில் காணும் நிபந்தம், நிவந்தம் என்ற அறக்கட்டளைச் சொற்களும் இதே வேரில் பிறந்தவை. சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகளை விட்டார்கள். பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தை குறையவும் கூடாது. அதனால்தான் கல்வெட்டு அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்கிறது. நோக்கத்தோடு பிணைத்த கொடை நமக்குப் புதிதே அன்று. ஆனால் அங்கே கொடுத்தவர் தம் பொருளைக் கொடுத்தார். கூட்டாட்சியிலோ அந்தந்த மாநில மக்களிடம் திரட்டிய வரியே கட்டுப்பாட்டோடு திரும்பி வருகிறது. இந்த வேறுபாட்டை மறந்து இதைப் பற்றிப் பேசவே கூடாது.

ஆங்கிலக் கிராண்ட் பழைய பிரெஞ்சு வழியாக, நம்புதல் என்ற பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. கிரெடிட் என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். நம்பிக்கையில் பிறந்த சொல்லின் முன்னால் 'கட்டப்பட்ட' என்ற அடை வந்து நிற்கிறது.

அந்தக் கட்டு எவ்வளவு இறுகலாம் என்பதற்கு ஆஸ்திரேலியா நல்ல சான்று. அந்நாட்டு அரசமைப்பின் 96ஆவது பிரிவு, நாடாளுமன்றம் தனக்குத் தகுந்ததாகத் தோன்றும் நிபந்தனைகளோடு மாநிலங்களுக்கு நிதியுதவி தரலாம் என்கிறது. 1942இல், வருமான வரி விதிக்காத மாநிலங்களுக்கு நிதி என்று ஒரு சட்டம் வந்தது. உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. மாநிலங்களின் வருமான வரி நடைமுறையில் ஓய்ந்தது. அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டுச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவர்கள் மது வாங்க இடம்கொடுக்கும் மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியை நிறுத்தியது. தெற்கு டகோட்டா வழக்குத் தொடுத்தது. இழப்பு 5 விழுக்காடுதான், இது வற்புறுத்தல் ஆகாது என்று 1987இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012இல் மெடிக்கெய்ட் மருத்துவத் திட்ட வழக்கில் நிலைமை மாறியது. திட்ட விரிவாக்கத்தை ஏற்காத மாநிலம் பழைய மெடிக்கெய்ட் நிதியையும் இழக்கும் நிலை. அது மாநில வரவுசெலவில் பத்து விழுக்காட்டுக்கும் மேல். நெற்றியில் துப்பாக்கி வைப்பதற்கு நிகர் என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். மறுக்க வழியில்லாத நிபந்தனை ஆணையாகவே ஆகிவிடுகிறது.

இந்தியாவில் அரசமைப்பின் 275, 282 ஆகிய பிரிவுகள் இத்தகைய நிதிக்கு வழி தருகின்றன. ஒன்றிய அரசு நிதியுதவித் திட்டங்கள் பலவற்றில் 60:40 என்ற பங்கீடு உண்டு. மாநிலம் தன் நாற்பதையும் போட்டாக வேண்டும். அந்தப் பங்கை இணைநிதி எனலாம்.

இனி தமிழ்ச் சொல். 'கொடை' இரப்பவனை நினைவூட்டுகிறது. மாநிலம் இரந்து நிற்கவில்லை. 'உதவி நிதி' தவறில்லை, ஆனால் எதையும் தெளிவாகக் காட்டவில்லை. நல்குதல் என்ற பழைய வினையிலிருந்து வரும் 'நல்கை' பொருந்துகிறது. அருளுதல் என்ற சாயல் அதிலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மேகம் 'தான்நல்கா தாகி விடின்' நெடுங்கடலும் தன் தன்மை குன்றும் என்ற குறளில், நல்கும் மேகம் கடலிலிருந்து நீரை முகந்ததுதான். ஒன்றிய அரசின் நிதிக்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை.

எனவே நிபந்தனை மானியத்தைக் கட்டுறு நல்கை என்று எழுதலாம். நிபந்தனையின்றி வருவது கட்டற்ற நல்கை. ஒரு துறைக்கென மொத்தமாகத் தந்து, உள்ளே பிரித்துக்கொள்வதை மாநிலத்திடம் விடுவதைத் தொகுப்பு நல்கை எனலாம். விலைச் சலுகைக்கு மட்டும் மானியம் இருக்கட்டும்.