எரர் வந்தாலும் கவுன்ட் ஏறியிருக்கும்

இந்த மாதத்தில் நான் பார்க்கும் மூன்றாவது லினக்ஸ் கெர்னல் டிரைவர் இது, மூன்றிலும் ஒரே பிழை. இந்த முறை ஒரு சென்சார்: ஒரு தடவை தூங்கி எழுந்தபின் சாதனம் சும்மா கிடந்தாலும் பேட்டரி இறங்குகிறது என்று புகார். சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) ரன்டைம்_யூசேஜ், அதாவது சாதனத்தை எத்தனை பேர் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்ற கவுன்ட், பார்த்தேன், யாருமே பயன்படுத்தாதபோது 1 என்று நிற்கிறது. (அந்தக் கோப்பு தெரிய கெர்னலில் பிஎம் அட்வான்ஸ்டு டீபக் போட்டிருக்க வேண்டும், போட்டு வையுங்கள்.)

நடந்தது இதுதான். சிஸ்டம் சஸ்பெண்டின் கடைசிக் கட்டத்தில் கெர்னல் ரன்டைம் பிஎம்மை (சும்மா கிடக்கும் சாதனத்தைத் தூங்கவைத்து, தேவைப்படும்போது எழுப்பும் ஏற்பாடு) நிறுத்தி வைக்கும். அந்த நேரம் பார்த்து டிரைவரின் வொர்க்கியூ (பின்னணி வேலை) ஓடி, சாதனத்தை எழுப்ப பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க் கூப்பிட்டு, எரர் வாங்கி, கவுன்ட்டை இறக்கும் புட்டைக் கூப்பிடாமல் அப்படியே ரிட்டர்ன் ஆகியிருக்கிறது.

"தோற்றுவிட்டதே, அப்புறம் எதற்கு புட்?" இதைக் கேட்காத ஆளே இல்லை. நினைவகம் கேட்கும் கேமலாக் தோற்றால் விடுவிக்க ஒன்றுமில்லை, அந்தப் பழக்கம். ஆனால் கெட்_சிங்க் முதலில் கவுன்ட்டை ஏற்றிவிட்டுத்தான் சாதனத்தை எழுப்பப் பார்க்கும், எழுப்ப முடியாவிட்டாலும் ஏற்றியதை இறக்காது. ஆமாம், மோசமான வடிவமைப்புதான், நானும் திட்டியிருக்கிறேன். அதற்காகத்தானே 2020இல் ரெஸ்யூம்_அண்ட்_கெட் கொண்டுவந்தார்கள், தோற்றால் அதுவே இறக்கிவிடும். அதற்கு மாறும்போது எரர் பாதையில் இருக்கும் பழைய புட்டையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு முறை இறங்கும்.

சாதனத்தைக் கெர்னலில் பதிவு செய்யும் டிவைஸ்_ரிஜிஸ்டரும் இதே ஜாதி. தோற்றாலும் புட்_டிவைஸ்தான், நினைவகத்தை நேரடியாக விடுவிக்கும் கேஃப்ரீ கூடவே கூடாது. அந்த ஃபங்ஷனுக்கு மேலேயே கமென்ட்டில் எழுதியிருக்கிறது, யார் படிக்கிறார்கள்!

டிவைஸ் ட்ரீ (வன்பொருளை விவரிக்கும் மரம்) நோடுகளில் இன்னொரு வேடிக்கை. சைல்டு நோடு லூப்பில் நடுவே பிரேக்கோ ரிட்டர்னோ செய்தால் கையில் இருக்கும் நோடுக்கு நீங்களே புட் போட வேண்டும், லூப் தானாக முடிந்தால் வேண்டாம். கோடைச் சோதிக்கும் டூல் சொன்னதென்று எல்லா இடத்திலும் புட் தெளிக்காதீர்கள், தயவுசெய்து. புட் விட்டுப்போனால் வரும் லீக் நினைவகத்தைத் தின்னும், அவ்வளவுதான். கூடுதல் புட் போட்டால், விடுவித்த நினைவகத்தை வேறொருவர் தொடுவார்.

பேட்ச் அனுப்புமுன் ப்ரோப்பின் (டிரைவர் சாதனத்தோடு இணையும்போது ஓடும் ஃபங்ஷன்) நடுவே ஒரு பொய் எரரைச் செருகி, கேசான் (நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கருவி) போட்ட கெர்னலில் டிரைவரை பைண்ட், அன்பைண்ட் என்று நூறு முறை சுற்ற விடுங்கள். ஒரு டீ குடித்து வரும் நேரம்தான் ஆகும்.