வெண்வால் மான்களின் இரண்டாம் இணைப்பருவமும் பின்பருவ வேட்டையும்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வில்வேட்டைக்கான மான் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. நவம்பர் நடுவில் வெண்வால் மான்களின் இணைசேர்க்கை உச்சத்தை எட்டுகிறது. டிசம்பர் முதல் பாதியில் ஷாட்கன் வகைத் துப்பாக்கி ஏந்திய குழுக்கள் புதர்க்காடுகளைக் கலைத்து மான்களை விரட்டிச் சுடுகின்றன. இவையெல்லாம் ஓய்ந்த பிறகு, டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி 10 வரை நீளும் கடைசிப் பருவத்தில், மஸில்லோடர் எனப்படும், குழல்வாய் வழியே வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கும் துப்பாக்கியோடு சிலர் பனி மூடிய வயலோரங்களில் காத்திருக்கிறார்கள். அவர்களிடையே அதிகம் பேசப்படுவது ‘இரண்டாம் இணைப்பருவம்’. நவம்பரில் கண்ட ஓட்டமும் துரத்தலும் ஒரு மாதம் கழித்து மீண்டும் வரும் என்ற எதிர்பார்ப்பு அது. அப்படி ஒன்று உண்மையிலேயே உண்டு. ஆனால் அது நவம்பரைப் போன்றதன்று. அது எதனால் உண்டாகிறது என்பது புரிந்துவிட்டால், அந்தக் குளிரில் எங்கே போய் உட்கார வேண்டும் என்பதும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

எல்லாவற்றையும் தொடங்கிவைப்பது வெளிச்சம். கோடை முடிந்து பகற்பொழுது குறையக் குறைய, மானின் மூளையிலுள்ள பினியல் சுரப்பி இரவுதோறும் கூடுதல் நேரம் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இரவு எவ்வளவு நீண்டுவிட்டது என்பதை உடலுக்கு அறிவிப்பது இந்தச் சுரப்புதான். இதன் விளைவாக ஆண் மானில் டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோன் உயர்கிறது; வளரும் கொம்பைப் போர்த்தியிருந்த மென்மயிர்த் தோல் செப்டம்பரில் உரிந்து விழுகிறது; கழுத்துத் தசை பருக்கிறது. 1960-களில் ரிச்சர்ட் காஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் சிக்கா மான்களைச் செயற்கை விளக்கொளியில் வளர்த்து, ஓர் ஆண்டில் நிகழும் பகல்நீள மாற்றங்களைச் சில மாதங்களுக்குள் நிகழ்த்திக் காட்டினார். அந்த மான்கள் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கொம்பை உதிர்த்துப் புதிதாக முளைக்கவிட்டன. குளிர் பிந்தினால் இணைப்பருவமும் பிந்தும், முழுநிலவு வரும் தேதியைப் பொறுத்து அது முன்பின் ஆகும் என்ற நம்பிக்கைகள் வேட்டைக்காரர்களிடம் இன்றும் வலுவாக இருக்கின்றன. ஆனால் ஒரே வட்டாரத்தில் பல ஆண்டுகளாகத் திரட்டிய கருத்தரிப்புப் பதிவுகளைப் பார்த்தால், உச்சம் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் வருகிறது. குளிரும் வெப்பமும் மாற்றுவது, மான்கள் பகலில் எவ்வளவு நடமாடுகின்றன என்பதை மட்டுமே.

கருத்தரித்த நாளைக் கண்டறியும் முறை எளிமையானது. குளிர்காலத்தின் பிற்பகுதியில் வாகனத்தில் அடிபட்டு இறந்த பெண் மானின் கருப்பையிலிருந்து கருவை எடுத்து, அது சுருண்டிருக்கும் நிலையிலேயே உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரை அளக்கிறார்கள். இதற்கென்றே செய்யப்பட்ட அளவுகோலில் நீளத்துக்கு நேராகக் கருவின் வயது நாட்களில் குறிக்கப்பட்டிருக்கும். தாய் இறந்த தேதியிலிருந்து அத்தனை நாட்களைக் கழித்தால் கருத்தரித்த தேதி கிடைத்துவிடும். போதுமான எண்ணிக்கையில் இப்படி அளந்தால், வட மாநிலங்களில் ஒரு தெளிவான வடிவம் புலப்படுகிறது: நவம்பர் நடுவில் ஓர் உயர்ந்த முகடு, அதன்பின் டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும் தாழ்வாக நீளும் ஒரு வால்.

அந்த வாலின் காரணம் பெண் மானின் உடலில் இருக்கிறது. பெண் மான் பருவத்துக்கு வந்தால் ஆணை ஏற்கும் நிலை ஏறத்தாழ 24 முதல் 36 மணி நேரமே நீடிக்கும். அதற்குள் சினை பிடிக்காவிட்டால், மூன்று நான்கு வாரங்கள் கழித்து மறுபடியும் பருவத்துக்கு வரும். சினை தங்காத பசு 21 நாளில் திரும்பக் கத்தும் என்பதைக் கால்நடை வளர்ப்போர் அறிவார்கள். மானில் நடப்பதும் அதே வகைச் சுழற்சிதான், இடைவெளி மட்டும் சற்றுக் கூடுதல். நவம்பர் 14 அளவில் தவறவிட்ட பெண் மான் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் மீண்டும் தயாராகும். சினைக்காலம் ஏறத்தாழ 200 நாட்கள். நவம்பர் நடுவில் கருத்தரித்த குட்டி ஜூன் தொடக்கத்தில், புல்லும் இலையும் செழித்திருக்கும்போது பிறக்கிறது. டிசம்பரில் கருத்தரித்தது ஜூன் கடைசியிலோ ஜூலையிலோதான் பிறக்கும். அடுத்த பனிக்காலம் வருவதற்குள் வளர அதற்குக் கிடைக்கும் காலம் ஒரு மாதம் குறைவு. பெரும்பாலான குட்டிகள் ஒரே சமயத்தில் பிறப்பதால் கொயோட்டி போன்ற வேட்டை விலங்குகளால் எல்லாவற்றையும் பிடித்துத் தின்றுவிட முடிவதில்லை. தாமதமாகப் பிறக்கும் குட்டிக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. நவம்பர் முகடு இவ்வளவு கூர்மையாக இருப்பது இயற்கைத் தேர்வின் விளைவு.

குளிர்காலம் உயிரை வாங்காத நிலங்களில் இந்தக் கட்டாயம் இல்லை. முதுமலையில் எந்த மாதத்தில் சென்றாலும், முற்றிய கொம்போடு ஒரு புள்ளிமானையும் மென்மயிர் மூடிய கொம்போடு இன்னொன்றையும் ஒரே கூட்டத்தில் காணலாம். அங்கே இணைசேர்க்கை ஆண்டு முழுவதும் ஏதோ ஓர் அளவில் நடந்துகொண்டே இருக்கிறது. அமெரிக்காவுக்குள்ளேயே தெற்கே போனால் வெண்வால் மானின் நாட்காட்டி தளர்ந்துவிடுகிறது. அலபாமாவின் பெரும்பகுதியில் உச்சம் ஜனவரியில்தான் வருகிறது. அதே மாநிலத்தின் பாங்க்ஹெட் தேசியக் காட்டிலோ, முன்பு வடக்கே உள்ள மிச்சிகன் மாநிலத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மான்களின் வழித்தோன்றல்கள் நவம்பரிலேயே இணைசேர்ந்துவிடுகின்றன. ஒரே வெளிச்சத்தின் கீழ் வாழும் இரு கூட்டங்கள் வெவ்வேறு மாதங்களில் இணைசேர்வதிலிருந்து, வெளிச்சத்தை உடல் எப்படி வாசிக்கிறது என்பதில் மரபுக்கும் பங்கு உண்டு என்று தெரிகிறது. ஆகவே நான் இங்கே சொல்லும் பின்பருவ வேட்டை வட மாநிலங்களுக்கு, குறிப்பாக அயோவா அடங்கிய ‘மத்திய மேற்கு’ வட்டாரத்தின் விளைநிலங்களுக்கு உரியது.

டிசம்பரில் பருவத்துக்கு வரும் பெண் மான்கள் இரண்டு வகை. முதல் வகை, நவம்பரில் சினை பிடிக்காத வளர்ந்த மான்கள். ஆண்கள் போதிய அளவில் இருக்கும் கூட்டத்தில் இவை மிகக் குறைவு. கொம்புள்ளவற்றையே தொடர்ந்து சுட்டு ஆண்கள் அருகிப்போன கூட்டத்தில் இவை கூடுதலாக இருக்கும். இரண்டாம் வகைதான் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது: அதே ஆண்டின் ஜூனில் பிறந்து, ஆறு ஏழு மாதமே ஆன பெண் குட்டிகள். இவற்றின் முதல் பருவத்தை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. உடல் எடையும் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 32 முதல் 36 கிலோ எடையை எட்டிய குட்டி டிசம்பரிலோ ஜனவரியிலோ பருவத்துக்கு வந்துவிடும்; எட்டாதது அடுத்த ஆண்டு வரை காத்திருக்கும். அயோவா, இல்லினாய் போன்ற, மக்காச்சோளமும் சோயாவும் விளையும் மாநிலங்களில் கணிசமான குட்டிகள் இந்த எடையைத் தொடுகின்றன. மிச்சிகனின் வடக்கு மேட்டுக் காடுகளில் தொடுபவை அரிது. எனவே ஓரிடத்தில் இரண்டாம் இணைப்பருவம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நடந்தால், அதற்கு நேர் எதிரான இரண்டு விளக்கங்கள் உண்டு: ஒன்று, அந்தக் கூட்டத்தின் ஆண் பெண் விகிதம் கெட்டிருக்கிறது, அல்லது, அந்தக் கூட்டம் வயிறார உண்டு கொழுத்திருக்கிறது. துரத்தப்படுவது தாயா குட்டியா என்று பார்த்தாலே எது உண்மை என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம்.

இனி ஆண் மானின் நிலையைப் பார்ப்போம். அக்டோபர் கடைசியிலிருந்து அது சரியாக உண்ணவில்லை. நவம்பர் முழுவதும் பெண்ணின் வாசனையைத் தேடி அலைந்து, போட்டியாளர்களோடு மோதி, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை இழந்திருக்கிறது. டெஸ்டோஸ்டீரோன் இறங்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் இணைசேரும் திறன் போய்விடவில்லை. பின்னங்காலின் உட்புறம், முழங்கணுக்கருகே உள்ள மயிர்க்கற்றையை உற்றுப் பார்த்தால் இது தெரியும். மான் இரு பின்னங்கால்களையும் சேர்த்துத் தேய்த்தபடி அதன்மேல் சிறுநீர் கழிக்கிறது. சிறுநீரும் சுரப்பியின் கொழுப்பும் அங்கு வாழும் பாக்டீரியாக்களும் சேர்ந்து அந்தக் கற்றையைக் கரும்பழுப்பாக்கிக் கடும் வீச்சத்தைத் தருகின்றன. டிசம்பர் கடைசியிலும் அது கறுத்திருக்கும் ஆண், வாய்ப்பு வந்தால் விடாது. ஆனால் நவம்பரைப் போல மைல் கணக்கில் தேடி அலைய அதன் உடலில் இருப்பு இல்லை. அது உண்ணும் இடத்துக்கே வருகிறது. அங்கே கூடும் பெண் மான்களை மூக்கால் சோதிக்கிறது. ஒன்று தயாராக இருந்தால் அதைப் பின்தொடர்கிறது. ஒன்று பருவத்துக்கு வந்துவிட்டால், அன்று மாலை ஒரே வயலில் மூன்று நான்கு ஆண்கள் அதைச் சூழ்ந்து நிற்பதும் உண்டு.

பின்பருவ வேட்டையின் சாரம் முழுவதும் இதில் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன்: ஆணைத் தேட வேண்டாம், பெண்கள் உண்ணும் இடத்தைத் தேட வேண்டும். கொம்புகளை மோதி ஒலியெழுப்பி ஆணை வரவழைக்கும் உத்தி நவம்பர்த் தொடக்கத்தில் பலிக்கும். களைத்துப்போன, பல வாரமாகத் துப்பாக்கிச் சத்தம் கேட்ட மானிடம் டிசம்பரில் அது பெரும்பாலும் எதிர்விளைவையே தரும். தாழ்ந்த உறுமல் ஒலி ஒன்றிரண்டு முறை எழுப்பினால் போதும்.

குளிரில் மான் எப்படிப் பிழைக்கிறது என்பது உணவைத் தேடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குளிர்காலத் தோலில் உள்ளே காற்று நிறைந்த தடித்த மயிர்களும், அவற்றுக்கடியில் கம்பளி போன்ற நுண்மயிர்களும் இருக்கின்றன. படுத்திருக்கும் மானின் முதுகில் விழுந்த பனி உருகாமல் கிடக்கும் அளவுக்கு அது வெப்பத்தைக் காக்கிறது. உடல் தன் செலவைக் குறைக்கிறது: நடமாட்டம் குறைகிறது, தீனியும் தானாகவே குறைகிறது. மிச்சிகனின் வடபகுதியில் மான்கள் வெள்ளை சீடர் என்ற ஊசியிலை மரங்கள் அடர்ந்த சதுப்புக்காடுகளில் கூட்டமாக ஒதுங்கி, மிதித்து உண்டான தடங்களிலேயே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. விளைநிலப் பகுதியில் அறுவடையில் சிந்திய மக்காச்சோளம், அறுக்காமல் விடப்பட்ட சோயா, காட்டுக்குள் சிவப்பு ஓக் கொட்டைகள் ஆகியவை மான்களை இழுக்கின்றன. வெள்ளை ஓக் கொட்டைகள் துவர்ப்புக் குறைந்தவை என்பதால் இலையுதிர் காலத்திலேயே தீர்ந்துவிடும். துவர்ப்பைத் தரும் டானின் மிகுந்த சிவப்பு ஓக் கொட்டைகள் மிஞ்சும். பகலில் படுக்க, வெயில் படும் தெற்குச் சரிவுகளையும் காற்றைத் தடுக்கும் ஊசியிலை மரங்களையும் நாடுகின்றன.

இதனால் மாலை வேட்டையே சிறந்தது. விடியுமுன் நடந்து போனால், இரவு முழுவதும் வயலில் மேய்ந்துகொண்டிருக்கும் மான்களின் நடுவே போய் நிற்க நேரும். ஒருமுறை கலைந்த கூட்டம் பல நாட்கள் இருட்டிய பின்னரே வயலுக்கு வரும். மதியத்துக்குப் பிறகு, படுக்கைக்கும் வயலுக்கும் இடையே, காற்று தன்மேல் பட்டு மான் வரும் திசைக்குப் போகாத இடத்தில் அமர வேண்டும். மேட்டுநிலத்தில் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்: வெயில் தணிந்ததும் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் கீழிறங்கும், மேலே அமர்ந்தவரின் வாசனையும் அதோடு பள்ளத்துக்குப் போகும். காலையில் வெயில் ஏற ஏற இது தலைகீழாகும். கடும் குளிர் அலை நுழையும் நாள், புதுப்பனி பெய்து ஓய்ந்த மறுநாள் ஆகியவை தவறவிடக் கூடாதவை. செலவான வெப்பத்தை ஈடுகட்ட மான்கள் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே வருகின்றன. மஸில்லோடரைச் சூடான அறையிலிருந்து குளிருக்கும் குளிரிலிருந்து அறைக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோனால் குழலுக்குள் ஈரம் படிந்து மருந்து நமுத்துவிடும். எனவே அனுபவசாலிகள் மருந்தைப் பற்றவைக்கும் ‘கேப்’ என்ற சிறு மூடியைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியைக் குளிரிலேயே பாதுகாப்பாகப் பூட்டி வைக்கிறார்கள். ஒரே ஒரு குண்டுதான் உள்ளது என்பதால் நுரையீரலும் இதயமும் இருக்கும் பகுதி தெளிவாகத் தெரியும்வரை பொறுப்பது கடமை.

ஆண் மானை ஈர்க்க, பருவத்துக்கு வந்த பெண் மானின் சிறுநீரைப் புட்டியில் விற்கிறார்கள். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1967-இல் கொலராடோவில் முதன்முதலில் கவனிக்கப்பட்ட, மான்களின் மூளையை அழிக்கும் நாட்பட்ட நலிவு நோய் இன்று பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. அதை உண்டாக்கும், பிரியான் எனப்படும் வடிவம் பிறழ்ந்த புரதங்கள் சிறுநீரிலும் எச்சிலிலும் வெளியேறி மண்ணில் பல ஆண்டுகள் தங்குகின்றன. வர்ஜீனியா உள்ளிட்ட சில மாநிலங்கள் இயற்கைச் சிறுநீரைத் தடைசெய்துவிட்டன. தீனியைக் கொட்டிவைத்து அங்கே சுடுவது அயோவாவில் சட்டவிரோதம். பல மான்கள் ஒரே குவியலில் வாய்வைப்பது நோய்க்கு வழிவிடுவது என்பதால் அந்தச் சட்டம் நியாயமானது.

கடைசியாக, மானை அடையாளம் காண்பது. பின்பருவத்தில் கொம்பில்லா மானுக்கான அனுமதிச்சீட்டுகளும் பயன்படுகின்றன. கூட்டத்தின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வளர்ந்த பெண்களைக் குறைப்பதுதான் பயன் தரும். வளர்ந்த பெண் மானின் உடல் பக்கவாட்டில் நீண்டும் முகம் நீண்டும் இருக்கும். குட்டியின் உடல் சதுரமாகவும் மூக்கு குட்டையாகவும் இருக்கும். ஆண் குட்டியின் தலை காதுகளுக்கிடையே தட்டையாக, கொம்பு முளைக்கவிருக்கும் இரு சிறு புடைப்புகளோடு தெரியும். இவற்றோடு, டெஸ்டோஸ்டீரோன் வீழ்ந்ததும் கொம்பின் அடியிலுள்ள எலும்பை உடலே அரித்துக் கரைக்கத் தொடங்கிவிடுகிறது; காயம்பட்ட, மெலிந்த ஆண்கள் டிசம்பர் கடைசியிலேயே கொம்பை உதிர்த்துவிடுகின்றன. தொலைநோக்கியில் பெரிய உடலும் தடித்த கழுத்தும் தெரிந்து, தலைமேல் இரு வட்டத் தழும்புகள் சிவந்தோ காய்ந்தோ தெரிந்தால், அது கொம்பு உதிர்த்த ஆண். அதை விட்டுவிட்டு அடுத்த மானைப் பார்க்க வேண்டும்.