சொல் விளக்கம்: பணித்திறன் மேலாண்மை

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் ஆசிரியர் அறைக்குள் இந்தச் சொல் முழுதாக ஒலிப்பது அரிது. "பிரெஸ்தாசி எவ்வளவு?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மலாய் மொழியில் பணித்திறனைக் குறிக்கும் அந்தப் பிரெஸ்தாசி, டச்சு மொழியிலிருந்து வந்த சொல். ஆங்கிலத்தின் 'பெர்ஃபார்மன்ஸ்' பழைய பிரெஞ்சு வழி வந்தது. எடுத்த வேலையை முடித்துக்கொடுப்பதே அதன் முதற்பொருள். 'மேனேஜ்மெண்ட்' இத்தாலிய வேரில் குதிரையைக் கையாண்டு பழக்குவதைக் குறித்தது. ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம்.

முறைப்படி பணித்திறன் மேலாண்மை ஓராண்டுச் சுற்று. தொடக்கத்தில் ஆசிரியர் இலக்கு எழுதுகிறார், நடுவில் மீளாய்வு, முடிவில் இரண்டு மதிப்பீட்டாளர்கள் மதிப்பெண் இடுகிறார்கள். ஆனால் மனத்தில் நிற்பது கடைசிக் கட்டம் மட்டுமே. அதற்குக் காரணமும் இருக்கிறது. 1992இல் அரசு ஊழியர்க்கு வந்த புதிய ஊதிய முறையில், மதிப்பெண் குறைந்தவரின் சம்பளம் அந்த ஆண்டு ஏறாமல் நிற்கக்கூடும். 2002இல் அம்முறை மாறி, தகுதித் தேர்வு வந்தது; 2011இல் அதுவும் போயிற்று. அச்சம் மட்டும் போகவில்லை.

அளப்பதையே ஆசிரியர்கள் வெறுக்கிறார்கள் என்று சொல்வது நியாயமன்று. அவர்களில் பலருடைய பெற்றோர் ரப்பர்ப் பால்வாளியோடு, தோட்டக் கணக்கரான கிராணியின் தராசு முன் நின்றவர்கள். முள் எங்கே நிற்கிறது என்பதைத் தம் கண்ணாலேயே பார்த்தார்கள். இங்கே அந்த முள் தெரிவதில்லை என்பதுதான் குறை. முதலாம் ஆண்டு மாணவர் அனைவரும் வாசிக்க வேண்டும் என்று ஜனவரியில் எழுதிய இலக்கு, பாதி ஆண்டில் வேறு பள்ளியிலிருந்து எழுத்தறியாத இருவர் வந்து சேர்ந்தால் என்னவாகும்? நடு ஆண்டு மீளாய்வில் அதை மாற்றி எழுதினால்தான் உண்டு. 150 பேருக்கும் குறைவான மாணவர் உள்ள சிறிய பள்ளியிலோ, மதிப்பெண் இடும் தலைமையாசிரியரும் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்துகிறார். தாட்சண்யமும் மனத்தாங்கலும் அங்கே எளிதில் புகுந்துவிடும்.

இணைச்சொற்களில் தமிழ்நாட்டு வழக்கு 'செயல்திறன் மேலாண்மை'. இலங்கையில் மேலாண்மைக்கு 'முகாமைத்துவம்' என்பார்கள். செயல்திறன் இயந்திரத்துக்கும் பொருந்தும். 'அடைவுநிலை' மாணவரின் தேர்ச்சியைக் குறிப்பது. அதை ஆசிரியர் மேல் ஏற்றுவது பிழை. பள்ளிக்குப் 'பணித்திறன் மேலாண்மை' பொருத்தம். ஆண்டிறுதி மதிப்பெண்ணை மட்டும் சொல்ல வேண்டுமானால் 'பணித்திறன் மதிப்பீடு' போதும்.

எடுத்துக்காட்டு: பணித்திறன் மதிப்பீடு டிசம்பரில் முடிந்தது, பணித்திறன் மேலாண்மை இன்னும் தொடங்கவேயில்லை.