பக்கத்து வீட்டு வைஃபைக்கு உங்கள் ரவுட்டர் ஏன் வழிவிடுகிறது?

வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "100 எம்பிபிஎஸ் திட்டத்தில் இருந்தபோது இரவு ஒன்பது மணிக்கு வீடியோ நின்று நின்று ஓடியது. 300-க்கு மாறினேன். இப்போதும் அப்படியேதான். காலையில் மட்டும் நன்றாக இருக்கிறது. ஏன்?"

முதலில் ஒரு சோதனை. மடிக்கணினியை லேன் கேபிள் மூலம் ரவுட்டரோடு நேராக இணைத்து, அதே ஒன்பது மணிக்கு வேகத்தை அளந்து பாருங்கள். கேபிளிலும் மந்தம் என்றால் குறை இணைய நிறுவனத்தின் பக்கம், புகார் கொடுங்கள். எண் 95-ஐ ஒட்டி நின்றுவிட்டால், கேபிளோ லேன் போர்ட்டோ 100-க்கு மேல் போகாத பழைய வகையாக இருக்கலாம். கேபிளில் முழு வேகம் வந்து போனில் மட்டும் வரவில்லையா? அப்படியானால் சிக்கல் காற்றில் இருக்கிறது. திட்டத்தை 500-க்கு மாற்றினாலும் தீராது.

காற்றில் அப்படி என்ன நெரிசல்? அதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை.

வைஃபை அலைகள் ஓடும் அலைவரிசைத் துண்டு ஒவ்வொன்றையும் சேனல் என்கிறோம். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். இரண்டு பேசினால் அலைகள் மோதி இரண்டு செய்தியும் வீணாகும். மோதியது பேசிய கருவிக்கே தெரியாது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். ரவுட்டர் அனுப்பும் ஆற்றல் 100 மில்லிவாட் அளவு என்றால், அடுத்த அறைப் போனிலிருந்து அதற்கு வந்து சேர்வது அதில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். தான் அனுப்பும்போது தன் இரைச்சலே காதை அடைத்துவிடும். இதில் அடுத்தவர் பேச்சு எங்கே கேட்கும்?

ஆகவே வைஃபை கருவிகள் பேசும் முன் காது கொடுத்துக் கேட்கின்றன. சேனல் அமைதியாக இருந்தால் சில பத்து மைக்ரோ நொடி பொறுத்திருக்கின்றன. அப்புறம் ஒவ்வொரு கருவியும் 0 முதல் 15 வரை குருட்டாம்போக்கில் ஓர் எண்ணை எடுத்து, ஒன்பது மைக்ரோ நொடிக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டே வருகிறது. முதலில் பூஜ்யத்தைத் தொட்டவர் பேசலாம். மற்றவர்கள் எண்ணுவதை அப்படியே நிறுத்தி, அவர் முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். இந்த "விட்ட இடத்திலிருந்து" என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புதான். ஏற்கெனவே காத்திருந்தவருக்கு அடுத்த சுற்றில் சின்ன எண் கையில் இருக்கும். அவருடைய காத்திருப்பு வீணாவதில்லை. மேற்பார்வை பார்க்க யாரும் இல்லாமலே நியாயம் கிடைத்துவிடுகிறது.

இருவர் ஒரே எண்ணை எடுத்துவிட்டால்? கணக்குப் போட்டுப் பாருங்கள்: பதினாறு எண்களிலிருந்து ஐந்து கருவிகள் ஆளுக்கொன்று எடுத்தால், ஏதாவது இரண்டு ஒத்துப்போகும் வாய்ப்பு சரிபாதி! அப்போது மோதல்தான். "கிடைத்தது" என்ற பதில் வராததை வைத்து, மோதியிருக்கலாம் என்று அனுப்பியவர் ஊகிக்கிறார். உடனே தன் எண் வரம்பை 31 ஆக்கிக்கொள்கிறார். மறுபடியும் தோற்றால் 63, அப்புறம் 127, இப்படியே 1023 வரை. கூட்டம் கூடக் கூட ஒவ்வொருவரும் தாமாகவே அதிகம் பொறுத்துக்கொள்கிறார்கள்.

இந்த யோசனையின் வேர் ஹவாய் தீவுகளில் இருக்கிறது. பேராசிரியர் நார்மன் ஆப்ராம்சன் குழு 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகக் கணினியோடு தொலைவில் இருந்த முனையங்களை வானொலி அலையில் இணைத்தது. தோன்றும்போது அனுப்பு, பதில் வராவிட்டால் தற்செயலான நேரம் பொறுத்து மறுபடி அனுப்பு. அவ்வளவுதான் விதி. அந்த முறையில் சேனலின் 18 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்த முடியாது என்று கணக்கே காட்டியது. அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி அது. "இதனால் நாளைக்கு என்ன லாபம்?" என்று அன்றே கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால் ஈதர்நெட்டுக்கும் (கேபிள் வழி கணினிகளை இணைக்கும் முறை) வைஃபைக்கும் அடித்தளம் கிடைத்திருக்காது. நம் பல்கலைக்கழகங்களில் அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு வருபவர்களிடம் அந்தக் கேள்வியை முதல் கேள்வியாக வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, வேளச்சேரிக்கு வருவோம். இந்த வரிசையில் நிற்பவை உங்கள் வீட்டுக் கருவிகள் மட்டும் இல்லை. அதே சேனலில் இருக்கும் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லாமே ஒரே வரிசைதான். கடவுச்சொல் வேறாக இருக்கலாம், காற்று ஒன்றுதான். இரவு ஒன்பது மணிக்கு எல்லா வீட்டிலும் வீடியோ ஓடுகிறது.

வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று தொடாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். சிலர் "யாரும் இல்லாத சேனல்" என்று 3-ஐயோ 4-ஐயோ வைப்பார்கள். அது இன்னும் மோசம். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிவதால் வழிவிடுகிறார்கள். பாதி ஒட்டிய சேனலில் இருப்பவருக்கு அது வெறும் இரைச்சல். வழிவிடாமல் மேலேயே பேசிவிடுவார். வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போட்டு, இந்த மூன்றில் கூட்டம் குறைந்ததை எடுங்கள். அதைவிட நல்லது, போனையும் டிவியையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது. சேனல்கள் அதிகம், சுவரைத் தாண்டும்போது அலை வேகமாக வலுவிழப்பதால் பக்கத்து வீட்டுத் தொல்லையும் குறைவு. அதே காரணத்தால் ரவுட்டரை பீரோ மேலிருந்தும் டிவிக்குப் பின்னாலிருந்தும் எடுத்து, வீட்டின் நடுவில், திறந்த இடத்தில் உயரமாக வையுங்கள்.

கதிர்வீச்சைத் தடுக்கும் என்று ரவுட்டரிலும் போனிலும் ஒட்ட ஸ்டிக்கர் விற்கிறார்கள். வாங்காதீர்கள். அது சொன்னபடி அலையைத் தடுத்தால் இணைப்பு கெடும். தடுக்காவிட்டால் காசு போனது. இரண்டிலும் உங்களுக்குத்தான் நஷ்டம்.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒன்று. மொட்டைமாடியில் ஒரு பழைய சிசிடிவி கேமரா இருக்கிறதா? தூரத்தில் இருக்கும் கருவி, சிக்னல் பலவீனமானதும் மெதுவாகப் பேசத் தொடங்கும். 1500 பைட் கொண்ட ஒரு பொட்டலத்தை, அதாவது ஒரு தரவுத் துண்டை, 54 எம்பிபிஎஸ்ஸில் அனுப்ப 0.22 மில்லி நொடி போதும். 1 எம்பிபிஎஸ்ஸில் 12 மில்லி நொடி. வரிசை விதி எல்லோருக்கும் சமமான வாய்ப்பைத் தருகிறது, சமமான நேரத்தை அல்ல. ஆகவே அந்த ஒரு கேமரா வாய் திறக்கும்போதெல்லாம் வீடே காத்திருக்கிறது. அதற்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கலாமா என்றால், மலிவு வகைகள் ஒவ்வொரு பொட்டலத்தையும் அதே சேனலில் இரண்டு முறை அனுப்பும். காற்று ஏற்கெனவே நிரம்பிய குடியிருப்பில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.